‘வல்லவன்’: சென்னைக்குப் போய்ச் சேர்ந்த மலேசியத் தமிழ் ராப் ஆல்பம்

மலாக்காவில் ஏதாவது ஒரு கல்யாண விருந்தில் டிஜே ‘மடை திறந்து’ பாட்டைப் போட்டால் ரெண்டு தலைமுறை ஒன்றாக எழுந்து நிற்கும். ஆனால் ரெண்டு பேரும் எழுந்தது ஒரே பாட்டுக்கு இல்லை. அப்பா, மாமா வயசுக்காரர்களுக்கு அது 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படப் பாட்டு: இளையராஜா இசை, எஸ்.பி. பாலசுப்ரமணியம் குரல். பிள்ளைகளுக்கு அது ‘யோகி பி பாட்டு’. ரெண்டு பேரும் சொல்வது சரிதான்.

யோகி பி அண்ட் நட்சத்ரா 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ ஆல்பத்தில் இருக்கிற பாட்டு அது. அதே வருஷம் சிலம்பரசன் நடித்து இயக்கிய ‘வல்லவன்’ படமும் வந்ததால், இன்றைக்கும் தேடினால் ரெண்டும் கலந்துதான் வரும். படத்துக்கும் இந்த ஆல்பத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆல்பம் முழுக்க முழுக்க மலேசியாவில் உருவானது. மூன்று பேர்: பொயட்டிக் அம்மோ குழுவில் ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்த யோகி பி, அவரோடு சேர்ந்த டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ். பின்னவர்கள் ரெண்டு பேரும் சேர்ந்ததுதான் ‘நட்சத்ரா’.

தமிழ் ராப் இன்றைக்கு சினிமாவிலும் யூடியூப்பிலும் சாதாரணம். அதனால் இந்த ஆல்பம் அப்போது என்ன செய்தது என்பது இப்போது கேட்பவர்களுக்கு சட்டென்று புரியாது.

ராக் வந்தது, தமிழில் வரவில்லை

ஒரு நாட்டு இளைஞர்களை மொத்தமாகப் பிடித்து உலுக்கிய ஆல்பம் என்று கேட்டால், மலேசியாவில் பலர் முதலில் சொல்வது ஒரு மலாய் ராக் ஆல்பத்தை. ஜொகூர் பாருவில் தொடங்கிய ‘சர்ச்’ குழுவின் ‘ஃபெனோமெனா’, 1989. அதில் இருந்த ‘இசபெல்லா’ பாட்டு இந்தோனேசியா வரைக்கும் போனது. ‘ராக் கபாக்’ என்று அழைக்கப்பட்ட அந்த அலை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கதை போதும். 1992-இல் நீளமுடி வைத்த ராக் பாடகர்கள் அரசுத் தொலைக்காட்சியில் வரக்கூடாது என்று தகவல் அமைச்சு சொன்னது. சர்ச், விங்ஸ் குழுக்காரர்கள் கடைசியில் முடியை வெட்டிக்கொண்டார்கள். முடி வெட்டினதே தேசியச் செய்தி!

தோட்டத்து லயத்திலும் டவுன் அடுக்குமாடியிலும் இருந்த தமிழ்ப் பையன்களும் அந்தப் பாட்டுகளைக் கேட்டார்கள், கிட்டாரில் வாசித்தார்கள். ஆனால் அவை மலாய்ப் பாட்டு. தமிழில் பாடணும்னு வந்தால் கையில் இருந்தது சென்னை சினிமாப் பாட்டு. கோயில் திருவிழா மேடை, கல்யாணம், தீபாவளி நிகழ்ச்சி எல்லாவற்றிலும் ஆர்கெஸ்ட்ரா வைத்து அதையே பாடினார்கள். எவ்வளவு நல்லாப் பாடினாலும், யார் மாதிரி பாடுகிறார் என்பதுதான் பேச்சு.

உள்ளூரில் சொந்தப் பாட்டு போட்டவர்கள் இல்லாமல் இல்லை. டார்க்கி நாகராஜாவைத் தெரியாத மலேசியத் தமிழர் குறைவு. ஆனால் பெரிய மேடை வேண்டும் என்றால் வேறு மொழிக்குப் போகணும் என்பது எழுதாத விதி. பினாங்கிலிருந்து வந்த அல்லிகேட்ஸ் குழுவைப் பாருங்கள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் முன்னால் நின்ற குழு. 1970களின் கடைசியில் தொடங்கி நாடே அவர்கள் பாட்டைப் பாடியது, மலாயில்.

பொயட்டிக் அம்மோ அதே விதியை ஆங்கிலத்தில் செய்து பார்த்தது. யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி. லோகோ நால்வரும் சேர்ந்து 1998-இல் போட்ட முதல் ஆல்பம் ‘இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்’. பெரும்பகுதி ஆங்கிலம்தான். ஆனால் மலாய், கன்டனீஸ், தமிழ் மூன்றுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். மலேசிய ஆல்பம் ஒன்று நாட்டின் நாலு மொழியையும் ஒரே வட்டில் வைத்தது அழகான எண்ணம். தமிழுக்கு அதில் கிடைத்தது விருந்தாளி நாற்காலி. எட்டு வருஷம் கழித்து ‘வல்லவன்’ செய்தது, அந்த விருந்தாளியை வீட்டுக்காரனாக்கியது.

எந்தத் தமிழ்?

இங்கேதான் மலாக்கா வருகிறது. மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் முதலில் நடப்பட்டது மலாக்காவில்தான்: 1896-இல், புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் என்ற சீன முதலாளி நட்டார். பிறகு ஜாசின், அலோர் காஜா, ஆசகான் பக்கமெல்லாம் தோட்டங்கள் விரிந்தன. தமிழ்நாட்டிலிருந்து ஆள் வந்தது. வந்தவர்கள் பேசின தமிழ் இங்கே வேறு மாதிரி வளர்ந்தது. ரப்பர் மரம் ‘பால்மரம்’ ஆனது, சீவுவது ‘பால்வெட்டு’. கிராணி, மண்டோர், கங்காணி, லயம், தவுக்கே, கம்பம், பாசார், கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ‘லா’... இதெல்லாம் சேர்ந்ததுதான் நம்ம வாய்த்தமிழ்.

தோட்டங்கள் துண்டு போடப்பட்டு, விற்கப்பட்டு, செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் மாறினபோது அந்தத் தமிழ் டவுனுக்குக் குடி வந்தது. பள்ளியில் மலாய், வேலையில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். அந்த வீட்டுத் தமிழை மேடையில் வைத்துப் பேசினால் சிரிப்பு வரும். வானொலியில் ஒரு தமிழ், பாடநூலில் ஒரு தமிழ், சினிமாவில் மதுரைத் தமிழ், சென்னைத் தமிழ். மலேசியத் தமிழ் காமெடிக்கு மட்டும்.

மொழி கையைவிட்டுப் போவது கற்பனைக் கதை இல்லை. மலாக்காவிலேயே கண்ணெதிரில் இருக்கிறது. மலாக்கா செட்டி சமூகம் தோட்டத் தமிழர்களுக்கு நூற்றாண்டுகள் முன்னாலேயே இங்கே வந்தவர்கள். தங்கவேலைக்காரர் தெருவில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அவர்களுடையது. சாமி இருக்கு, சடங்கு இருக்கு, பொங்கல் இருக்கு. வீட்டில் பேசுவது மலாய் கலந்த பேச்சு. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, அது அவர்கள் வாழ்ந்து உண்டாக்கின மொழி. ஆனால் தமிழ் தானாக நிலைக்காது என்பதும் அதிலிருந்து தெரிகிறது. ஒரு தலைமுறைக்கு அதைப் பேச ஒரு காரணம் வேணும்.

‘வல்லவன்’ கொடுத்த காரணம் ரொம்ப எளிமையானது: கெத்து. தமிழ்ல எழுதினாலும் கெத்தா இருக்கலாம். இலக்கணம் சரியா, உச்சரிப்பு சரியா என்று யாரும் பிரம்போடு நிற்காத ஓர் இடம் கிடைத்தது. தமிழும் ஆங்கிலமும் ஒரே மூச்சில் வந்து போகிற பாட்டு அது. இங்குள்ள பையனும் பொண்ணும் போனில் பேசுவதும் அப்படித்தானே.

ஏன் ‘மடை திறந்து’?

பழைய பாட்டை எடுத்து மேலே ராப் போடுவது புதுசு இல்லை. ஆனால் எடுத்த பாட்டு எது என்று கவனித்தால்தான் இதிலிருக்கிற சாமர்த்தியம் தெரியும்.

பாரதிராஜா இயக்கிய ‘நிழல்கள்’ வேலையில்லாத இளைஞர்களின் கதை. அதில் சந்திரசேகர் நடித்த பாத்திரம் இசையமைப்பாளராகத் துடிக்கிற ஒரு பையன். கையில் வாய்ப்பு இல்லை, தலைக்குள்ளே இசை வெள்ளமாக ஓடுகிறது. அந்த மனசைத்தான் வாலி பாட்டாக எழுதினார். காட்சியில் இளையராஜாவே ஒரு நொடி வந்து போவார். படம் வசூலில் பெரிசாக ஓடவில்லை. பாட்டுகள் படத்தைவிட்டு வெளியேறித் தனியாக வாழ்ந்தன.

ஆக, வாய்ப்புக்காகக் காத்திருக்கிற ஒரு இளம் கலைஞன் ‘நான் வந்துவிட்டேன்’ என்று மனசுக்குள் முழங்குகிற பாட்டு அது. இருபத்தாறு வருஷம் கழித்து, சினிமா வாசல் எங்கே இருக்கு என்றே தெரியாத மலேசியாவிலிருந்து மூன்று பேர் அதே பல்லவியைப் பிடித்துக்கொண்டு தங்கள் வருகையைச் சொல்கிறார்கள். ராப்பில் ‘நான் யார் தெரியுமா’ என்று நெஞ்சை நிமிர்த்துவது வழக்கமான சடங்கு. ஆல்பத்தின் பெயரே அதுதான். பல ராப்பர்கள் அதை நியூயார்க்கிலிருந்து இறக்குமதி செய்து, தங்கள் வாழ்க்கையில் இல்லாத துப்பாக்கியையும் காரையும் பாடுவார்கள். இங்கே அந்தச் சடங்குக்கு ஒரு தமிழ் வேர் கிடைத்துவிட்டது. அதனால்தான் இது ரீமிக்ஸ் மாதிரி கேட்கவில்லை. 2000களில் வந்த எத்தனையோ ரீமிக்ஸ் பாட்டுகள் இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. இது நிற்கிறது.

பெரியவர்கள் முதலில் முகம் சுளித்தது உண்மை. ராஜா பாட்டைக் கெடுத்துட்டாங்க என்று பல வீட்டில் சத்தம். அதே பெரியவர்கள், பிள்ளைகள் மூலப் பாட்டைத் தேடிக் கேட்க ஆரம்பித்ததும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள்.

தமிழில் ராப் ஏன் கஷ்டம்?

ராப்புக்கு உயிர் வரியின் கடைசியில் வரும் ஒத்த ஒலி. ஆங்கிலத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கணும். அதனால் கிடைத்தால் சுவை. தமிழில் தேடவே வேண்டாம். வந்தேன், நின்னேன், சொன்னேன், போனேன்: வினைச்சொல்லின் வால் எல்லாம் ஒன்றுபோலத்தான். பத்து வரி இப்படி அடுக்கினால் பள்ளி விழா ஒப்புவிப்பு மாதிரி ஆகிவிடும். புதுசாக ராப் எழுதுகிற தம்பி தங்கச்சிகள் முதலில் விழுகிற குழி இதுதான்.

தமிழ்க் கவிதையின் பழைய பலம் வரியின் தொடக்கத்தில் இருக்கிறது. முதல் எழுத்து ஒத்துவந்தால் மோனை, ‘பால்மரம் - பாதை’ மாதிரி. இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் எதுகை, ‘பட்டணம் - கட்டணம்’ மாதிரி. கடைசியில் ஒத்துவருவதற்கு இயைபு என்று பேர். அதை நம்ம ஆட்கள் மூன்றாவதாகத்தான் வைத்தார்கள். நல்ல தமிழ் ராப்பர் இந்த மூன்றையும் கலக்கிறார். வரிக்குள்ளே எதுகை இடிக்கும், வால் வேறு திசையில் போகும். காதில் விழும்போது ‘அட’ என்று தோன்றுவது அந்த இடத்தில்தான்.

இன்னொரு சிக்கல் நீளம். நிமிஷத்துக்கு 90 தட்டு போகிற ஒரு பீட்டில், நாலு தட்டுக்குக் கிடைக்கிற நேரம் மூன்று நொடிக்கும் குறைவு. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுத்துத் தமிழில் சொன்னால் ஏழு அசைப்பு வாயில் உருள வேண்டும். ‘வந்துட்ருக்கேன்’ என்றால் நாலில் முடிந்தது. மூன்று இடம் மிச்சம், அதில் இன்னொரு சொல் வைக்கலாம். அதனால் ராப்பில் பேச்சுத்தமிழ் வருவது சோம்பேறித்தனம் இல்லை. தாளம் கேட்கிறது. அதே பாட்டில் திடீரென்று ஒரு செந்தமிழ்ச் சொல்லை நெடிலோடு இழுத்து வைத்தால் அதற்குத் தனி எடை வந்துவிடும். ‘வல்லவன்’ என்ற சொல்லே அப்படிப்பட்டது. யாரும் தினசரிப் பேச்சில் சொல்வதில்லை. பாட்டில் வந்தால் அரசன் மாதிரி நிற்கிறது. இப்படித் தெருத்தமிழையும் மேடைத்தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தது, பின்னால் வந்த எல்லாருக்கும் ஒரு வார்ப்பு மாதிரி ஆகிவிட்டது.

சென்னை எப்படிக் கேட்டது?

அது ஸ்ட்ரீமிங் இல்லாத காலம். யூடியூப் தொடங்கியே ஒரு வருஷம்தான். பாட்டு சிடியில் போனது, எம்பி3 வட்டில் போனது, போனிலிருந்து போனுக்கு புளூடூத்தில் போனது. அதே நேரம் தமிழ்நாட்டில் தனியார் எஃப்எம் நிலையங்களும் 24 மணி நேர இசைச் சேனல்களும் புதுசு. 2004-இல் வந்த சன் மியூசிக் மாதிரியான சேனல்களுக்கு நாள் முழுக்க ஓட்டப் பாட்டு வேணும். நல்ல வீடியோவோடு, தெரிந்த பல்லவியோடு, தெரியாத முகங்களோடு ஒரு பாட்டு கிடைத்தால் விடுவார்களா? ‘மடை திறந்து’ அங்கே ஓடியது. சென்னையிலிருந்து பாட்டு வாங்கியே பழகின நமக்கு, நம்ம பாட்டு அங்கே போவது முற்றிலும் புதிய அனுபவம்.

அடுத்த வருஷமே சினிமா கூப்பிட்டது. வெற்றிமாறனின் முதல் படமான ‘பொல்லாதவன்’, 2007. அதில் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தின் ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டு புது வடிவத்தில் வந்தபோது யோகி பி குரல் அதில் இருந்தது. 2011-இல் ‘ஆடுகளம்’ படத்தின் ‘போர்க்களம்’. 2017-இல் அஜித்தின் ‘விவேகம்’ படத்தில் அனிருத்தோடு ‘சர்வைவா’.

பெருமைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சினிமா கூப்பிட்டது குரலை. ஆல்பத்தை இல்லை. படப் பாட்டில் ராப்பருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாயகன் நடந்து வரும் அரை நிமிஷம். பேசுவது நாயகனைப் பற்றி. தன் தெரு, தன் அம்மா, தன் வேலை என்று ஒரு மணி நேரம் பேச இடம் தருவது ஆல்பம் மட்டும்தான்.

முதல் தமிழ் ராப் இதுவா?

இந்தக் கேள்வியை மாமாக் கடையில் எடுத்தால் தே தாரே ஆறிப்போகும் வரைக்கும் சண்டை நடக்கும். ‘முதல்’ என்பதை எப்படி அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஏ.ஆர். ரஹ்மானின் ‘பேட்டை ராப்’, ‘காதலன்’ படத்தில் 1994-இலேயே வந்துவிட்டது. 2002-இல் ‘பாபா’வில் பிளேஸ் ராப் பாடினார். அதற்கும் முன்னால் கானாவிலும் தெருக்கூத்திலும் வில்லுப்பாட்டிலும் தாளத்துக்குப் பேசுவது இருந்ததே என்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது.

‘வல்லவன்’ செய்த வேலை வேறு. படம், நாயகன், காட்சி எதுவும் இல்லாமல் தமிழ் ஹிப்ஹாப் ஒரு முழு ஆல்பமாக நிற்க முடியும், அதை எல்லை தாண்டியும் கேட்பார்கள் என்று காட்டியது. அதற்குப் பிறகு வந்த வரிசையைப் பாருங்கள். இலங்கைத் தமிழரான தினேஷ் கனகரத்தினம் 2009-இல் விஜய் ஆண்டனியோடு ‘ஆத்திச்சூடி’யில் ராப் பாடினார். கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிய ஹிப்ஹாப் தமிழா 2012-இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம் போட்டது. இவர்கள் எல்லாரும் யோகி பி-யின் சீடர்கள் என்று சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். ஆனால் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

2016-இல் ‘கபாலி’ வந்தது. பா. ரஞ்சித் மலேசியத் தமிழர் கதையை எடுத்தார். மலாக்காவிலும் படப்பிடிப்பு நடந்தது, ரஜினியைப் பார்க்க இங்கே கூடின கூட்டம் பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். சந்தோஷ் நாராயணன் அந்தப் படத்தின் ‘உலகம் ஒருவனுக்கா’ பாட்டில் ராப் பகுதிக்கு ரோஷன் ஜாம்ராக்கை வைத்தார். மலேசியக் கதை என்றால் ராப் வேணும் என்பது அதற்குள் ஒரு அடையாளமாகவே ஆகிவிட்டது. இதில் ஒரு ஆபத்தும் இருக்கு. மலேசியத் தமிழ் இளைஞன் என்றால் ராப், கேங், பச்சை குத்தின கை என்று ஒரே அச்சில் வார்த்துவிடுவார்கள். ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் பாட்டு எழுதுகிறவர் அந்த அச்சில் விழமாட்டார்.

இன்னொரு குறையையும் சொல்லணும். இந்த மரபு பல வருஷம் ஆண்குரலாகவே இருந்தது. 2021-இல் தீயும் அறிவும் சேர்ந்து கொடுத்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகம் முழுக்கப் போனபோதுதான், பாட்டிகளின் கதையையும் இந்தத் தாளத்தில் சொல்லலாம் என்று பெரிசாகத் தெரிந்தது. அறிவின் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்கள். நம்ம பால்மரக் காட்டுக்கும் அந்தத் தேயிலை மலைக்கும் ஆள் ஏற்றின கப்பல்கள் கிளம்பினது ஒரே கரையிலிருந்து. மலாக்காத் தோட்டங்களில் விடியற்காலை இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போன பாட்டிகளில் பலர் இன்னும் டவுன் அடுக்குமாடிகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அவர்கள் பேசுகிற தமிழ் இன்னும் எந்த ஆல்பத்திலும் முழுசாக ஏறவில்லை.

இன்றைக்கு உள்ளூரில் ராப் போடுகிறவர்கள் பெரும்பாலும் தனிப்பாட்டாகவே விடுகிறார்கள். ஒரு பாட்டு, ஒரு வீடியோ, ரெண்டு வாரம் பேச்சு, அடுத்தது. செலவும் குறைவு, ஆப்களும் அதைத்தான் முன்னால் தள்ளுகின்றன. நேரம் கிடைத்தால் மூன்று பாட்டை வரிசையாகப் போட்டுப் பாருங்க: முதலில் 1980-இன் ‘மடை திறந்து’, அடுத்து பொயட்டிக் அம்மோவின் 1998 ஆல்பத்தில் இருக்கிற தமிழ்ப் பாட்டு, கடைசியாக 2006-இன் ‘மடை திறந்து’. மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகாது. மூன்றாவதைக் கேட்டு முடித்ததும் நிறுத்தாமல் ‘வல்லவன்’ ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து ஓட விடுங்க.